ஒரு பவுண்டுக்குக் கைமாறிய வீடுகள்: பிரெஸ்ட் வழக்கு, ஒரு நிகழ்வு ஆய்வு

“அண்ணா, அவர் பேர்ல ஒண்ணுமே இல்லையாம். நாங்க இருக்கிற வீடுகூட கம்பெனி பேர்லதானாம். அவரோட சொலிசிட்டர் லெட்டர்ல அப்படித்தான் எழுதியிருக்காங்க.”

இங்கிலாந்தில் சிறு தொழில்களுக்குக் கணக்கு எழுதுவது என் வேலை. விவாகரத்துக்குப் போகும் பெண்கள் என்னிடம் வந்து சொல்லும் முதல் வாக்கியம் பெரும்பாலும் இதுதான். சொல்லும்போதே குரல் இறங்கிவிடும். மாதச் சம்பளக்காரரை மணந்தவருக்கு இப்படியொரு திகைப்பு வராது. சம்பளச் சீட்டு இருக்கிறது, வங்கியில் மாதாமாதம் விழும் தொகை இருக்கிறது, யார் வேண்டுமானாலும் பார்த்துக்கொள்ளலாம். கணவரே முதலாளி, கணவரே டைரக்டர், கணக்கில் கையெழுத்துப் போடுபவரும் கணவரே என்றால், எது குடும்பத்தின் பணம், எது கம்பெனியின் பணம் என்று சொல்லும் அதிகாரமும் அவர் கைக்கே போய்விடுகிறது. தொழில் மனைவியுடையதாக இருந்து கணவர் தவிக்கும் வழக்குகளும் உண்டு. சட்டம் இருவருக்கும் ஒன்றுதான்.

அப்படி வருபவர்களுக்கு நான் முதலில் ஒரு வழக்கைச் சொல்வேன். 2013 ஜூன் 12 அன்று பிரிட்டனின் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த ‘பிரெஸ்ட் எதிர் பெட்ரோடெல் ரிசோர்சஸ்’. கம்பெனி பெயரில் இருந்த வீடுகள் மனைவிக்குக் கிடைத்த வழக்கு அது. கம்பெனி என்ற திரையை நீதிமன்றம் கிழித்தெறிந்துவிட்டது என்று அதைப் பற்றிப் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். திரையைக் கிழிக்க நீதிமன்றம் மறுத்துவிட்டது என்பதே உண்மை. அந்த மனைவி வென்றது வேறொரு வழியில். எண்ணெய்க் கம்பெனி இல்லாத சாதாரணக் குடும்பத்துக்கும் அந்த வழி திறந்திருக்கிறது. அதனால்தான் இதை விரிவாக எழுதுகிறேன்.

குடும்பமும் கம்பெனியும்

பிரெஸ்ட் தம்பதிக்கு 1993இல் திருமணம். நான்கு குழந்தைகள். கணவர் எண்ணெய் வணிகர், பெட்ரோடெல் என்ற நிறுவனக் குழுமத்தை நடத்தியவர். லண்டனில் குடும்ப வீடு, கரீபியன் தீவான நெவிஸில் இன்னொரு வீடு. 2008 மார்ச்சில் மனைவி விவாகரத்து மனு போட்டார்.

லண்டன் வீடு 2001இல் வாங்கப்பட்டது, கம்பெனி பெயரில். அது தவிர பிரிட்டனில் இன்னும் 7 வீடுகள். ஐந்து பெட்ரோடெல் ரிசோர்சஸ் பெயரில், இரண்டு வெர்மான்ட் என்ற இன்னொரு கம்பெனி பெயரில். இரண்டு கம்பெனிகளும் ஐல் ஆஃப் மேன் தீவில் பதிவானவை. பெட்ரோடெல்லின் பங்குகளும் நேராகக் கணவர் பெயரில் இல்லை, இடையில் வேறு நிறுவனங்கள் இருந்தன. ஆனால் எல்லாவற்றையும் ஆட்டுவித்த கை ஒன்றுதான்.

உயர் நீதிமன்றக் குடும்பப் பிரிவில் வழக்கை விசாரித்தவர் நீதிபதி மோய்லன். தனக்குச் சொத்தே இல்லை, கடன்தான் 4.8 கோடி பவுண்டு அளவுக்கு இருக்கிறது என்றார் கணவர். ஆவணங்கள் கேட்டால் தரவில்லை, நீதிமன்ற உத்தரவுகளை மதிக்கவில்லை. தொடர்ந்து தடை போட்டதும் குழப்பியதும் ஏமாற்றியதும் பின்னால் உச்ச நீதிமன்றத் தீர்ப்பிலேயே கடுமையான சொற்களில் பதிவாகியிருக்கின்றன. மோய்லன் கையில் கிடைத்ததை வைத்துக் கணக்குப் போட்டு, இவருடைய நிகரச் சொத்து 3.75 கோடி பவுண்டு என்று முடிவு செய்தார். 2011இல் அவர் போட்ட உத்தரவு: குடும்ப வீடு மனைவிக்கு, அத்துடன் மொத்தத் தொகையாக 1.75 கோடி பவுண்டு. ஒவ்வொரு பிள்ளைக்கும் ஆண்டுக்கு 24,000 பவுண்டும் பள்ளிக் கட்டணமும். இந்த மனிதர் பணமாகக் கட்ட மாட்டார் என்பது நீதிபதிக்குத் தெரிந்திருந்தது. அதனால் அந்த மொத்தத் தொகையின் ஒரு பகுதிக்கு ஈடாக, கம்பெனிகளின் பெயரில் இருந்த 7 வீடுகளையும் மனைவிக்கு மாற்றித் தரச் சொன்னார்.

கணக்கு எழுதுபவனாக என்னை நிறுத்திய இடம் மோய்லன் கண்டுபிடித்த இன்னொரு விஷயம். கணவரின் சொந்தச் செலவு, கம்பெனியிலிருந்து அவர் எடுத்த சம்பளம், போனஸ் இரண்டையும்விடப் பல ஆண்டுகளாக வெகுவாகக் கூடுதலாகவே இருந்திருக்கிறது. அந்த இடைவெளியை முழுக்க நிரப்பியது கம்பெனி. இந்த இடைவெளியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் இதற்குத் திரும்பி வர வேண்டும்.

மூன்று கதவுகள்

கம்பெனிகள் மேல்முறையீடு செய்தன. 2012 அக்டோபரில் மேல்முறையீட்டு நீதிமன்றம் 2க்கு 1 என்ற கணக்கில் மோய்லனின் உத்தரவைத் தள்ளியது. குடும்ப நீதிமன்றங்கள் கம்பெனிச் சட்டத்தையும் சொத்துச் சட்டத்தையும் ஓரமாக வைத்துவிட்டுத் தங்களுக்கென்று தனிச் சட்டம் நடத்துகின்றன, இது நிற்க வேண்டும் என்று நீதிபதி பேட்டன் எழுதினார். மறுப்புத் தீர்ப்பு எழுதிய நீதிபதி தோர்ப், இப்படிச் சொன்னால் மனைவியை ஏமாற்ற நினைக்கும் பணக்காரருக்கு வழி அகலத் திறந்துவிடுமே என்று கவலைப்பட்டார். அதன் பிறகு உச்ச நீதிமன்றம், ஏழு நீதிபதிகள். முதன்மைத் தீர்ப்பு சம்ப்ஷன் பிரபுவுடையது.

வீடுகளைப் பெற மனைவியின் முன் மூன்று கதவுகள் இருந்தன.

முதல் கதவு 1973ஆம் ஆண்டின் திருமண வழக்குகள் சட்டம். அதன் 24ஆம் பிரிவின்படி, கணவன் அல்லது மனைவிக்கு ‘உரிமையுள்ள’ சொத்தை மற்றவருக்கு மாற்றித் தர நீதிமன்றம் உத்தரவிடலாம். கம்பெனி முழுவதும் இவர் கைக்குள் இருக்கிறது, நினைத்தால் வீட்டைத் தன் பெயருக்கு மாற்றிக்கொள்ளலாம், அப்புறம் என்ன, இவருக்கு உரிமையுள்ள சொத்துதானே என்பது மோய்லன் ஏற்றுக்கொண்ட வாதம். உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. கம்பெனி சட்டத்தின் கண்ணில் தனி ஆள். 1897இல் சாலமன் என்ற காலணி உற்பத்தியாளரின் வழக்கிலேயே முடிவான விஷயம் இது. கம்பெனிக்குக் கடன் கொடுத்தவர்கள் இருக்கலாம். அவர்களைத் தாண்டி அதன் சொத்தை எடுத்து மனைவிக்குக் கொடுக்க 24ஆம் பிரிவு இடம் தரவில்லை. கம்பெனிப் பணத்தைக் கணவர் தன் சட்டைப்பை போலப் பயன்படுத்தினார் என்பதாலேயே அது அவர் பணமாகிவிடாது.

இரண்டாவது கதவு, கம்பெனித் திரையை விலக்குவது, அதாவது கம்பெனி தனி ஆள் என்பதை ஒதுக்கிவிட்டுப் பின்னால் இருப்பவரை நேராகப் பார்ப்பது. எப்போது விலக்கலாம் என்பதற்கு 1962ஆம் ஆண்டின் லிப்மன் வழக்கு நல்ல உதாரணம். ஒருவர் தன் நிலத்தை விற்பதாக ஒப்பந்தம் போட்டுவிட்டு, பிறகு மனம் மாறி, வாங்க வந்தவரிடமிருந்து தப்பிக்கத் தன் கம்பெனிக்கு அதை மாற்றிவிட்டார். ஏற்கெனவே தலைமேல் இருக்கும் கடமையிலிருந்து நழுவக் கம்பெனியை நடுவில் நிறுத்தினால், நீதிமன்றம் திரையை விலக்கும். பிரெஸ்ட் வழக்கில் அப்படி நடக்கவில்லை. திருமணம் முறிவதற்கு வெகு காலம் முன்பே வீடுகள் கம்பெனி பெயருக்குப் போய்விட்டன. நோக்கம் சொத்துப் பாதுகாப்பும் வரிக் குறைப்பும். மனைவிக்குச் சேர வேண்டியதைத் தடுக்க அந்தக் கட்டமைப்பு போடப்பட்டதாக எந்த நீதிபதியும் சொல்லவில்லை. ஆக, இந்தக் கதவும் அடைபட்டது.

தீர்ப்பை இதுவரை படிக்கும் எவருக்கும் நெஞ்சு கனக்கும். பொய் சொன்னவர், ஆவணத்தை மறைத்தவர், உத்தரவை மதிக்காதவர் தப்பித்துவிடுவாரா? நீதிபதியின் கோபம் மட்டும் சொத்தை வாங்கித் தராது என்பதை இந்த இடத்தில்தான் நான் கற்றுக்கொண்டேன்.

மூன்றாவது கதவு நம் பேச்சில் எல்லோருக்கும் தெரிந்த ஒன்று: பினாமி. பத்திரத்தில் பெயர் ஒருவருடையது, பணம் கொடுத்தவர் இன்னொருவர். அன்பளிப்பாகவோ கடனாகவோ கொடுத்ததற்கு அடையாளம் எதுவும் இல்லையென்றால், பெயர் வைத்திருப்பவர் பணம் கொடுத்தவருக்காகத்தான் அந்தச் சொத்தை வைத்திருக்கிறார் என்று இங்கிலாந்துச் சட்டம் அனுமானிக்கும். அப்படியென்றால் உண்மையான உரிமை பணம் கொடுத்தவருக்கு. அவருக்கு உரிமையுள்ள சொத்து என்று ஆகிவிட்டால் 24ஆம் பிரிவு தானாக வேலை செய்யும். கம்பெனியை உடைக்க வேண்டியதே இல்லை.

சரி, பணம் எங்கிருந்து வந்தது? சம்ப்ஷன் பிரபு ஒவ்வொரு வீடாக எடுத்துப் பார்க்கிறார். தீர்ப்பின் உயிர் இந்தப் பக்கங்களில்தான் இருக்கிறது. கம்பெனி வணிகத்தையே தொடங்காத காலத்தில் அதன் பெயரில் வீடு வாங்கப்பட்டிருக்கிறது. வணிகமே இல்லாத கம்பெனிக்குப் பணம் ஏது? கணவர்தான் கொடுத்திருக்க வேண்டும். கம்பெனிக்குப் பெயரளவு விலையாக 1 பவுண்டுக்கு மாற்றப்பட்ட வீடும் இருக்கிறது. லண்டனில் ஒரு வீட்டை 1 பவுண்டுக்கு ‘வாங்கிய’ கம்பெனி அதற்குப் பணம் கொடுத்தது என்று யாரும் சொல்ல முடியாது. இது இப்படி இல்லை என்றால் விளக்கம் சொல்ல வேண்டியவர்கள் கணவரும் கம்பெனிகளும். அவர்கள் ஆவணம் தரவில்லை. கம்பெனியின் டைரக்டர் குறுக்கு விசாரணைக்கு வரவில்லை. உண்மை வெளிவந்தால் வீடுகள் கணவருடையவை என்று தெரிந்துவிடும் என்பதால்தான் இந்த மௌனம் என்று நீதிமன்றம் எடுத்துக்கொண்டது. 7 வீடுகளும் கணவருக்காகவே வைக்கப்பட்டவை. மனைவிக்கு மாற்றித் தர வேண்டும்.

மௌனத்திலிருந்து அனுமானிக்க நீதிமன்றத்துக்கு உரிமை உண்டு. ஆனால் அந்த அனுமானம் நிற்க ஒரு தரை வேண்டும். இந்த வழக்கில் தரையாக இருந்தவை தேதிகள்: கம்பெனி எப்போது தொடங்கியது, எப்போது வணிகம் செய்தது, வீடு எப்போது எந்த விலைக்கு வந்தது. அவற்றை எடுத்து அடுக்கியிருக்காவிட்டால், மறைத்ததே கணவருக்கு லாபமாகப் போயிருக்கும்.

குடும்ப வீட்டைப் பற்றியும் சம்ப்ஷன் பிரபு ஒரு கருத்தை எழுதி வைத்திருக்கிறார். கணவரே கட்டுப்படுத்தும் கம்பெனியின் பெயரில் குடும்பம் குடியிருக்கும் வீடு இருந்தால், அது அவருக்காக வைக்கப்பட்டது என்று காண்பது சாதாரணமாகவே எளிது. வாடகை ஒப்பந்தம் அது இது என்று காட்டினாலும் நீதிபதிகள் சந்தேகத்தோடு பார்க்கலாம். கம்பெனி பெயரில் வீடு என்று கேட்டு உடைந்துபோகிறவர்களுக்கு நான் இந்தக் கருத்தைத்தான் முதலில் சொல்வேன்.

நம் மேசைக்கு வரும்போது

7 வீடும் நெவிஸ் தீவும் நம் குடும்பங்களில் இல்லை. ஆனால் ‘பணம் எங்கிருந்து வந்தது’ என்ற கேள்வி எல்லாக் குடும்பத்துக்கும் பொருந்தும். அதற்கான காகிதங்களில் பாதியை யாரையும் கேட்காமலே பார்க்கலாம். நில உரிமைகளைப் பதிவு செய்யும் அரசு அலுவலகமான லேண்ட் ரெஜிஸ்ட்ரியில் வீட்டின் பதிவு நகலை யாரும் சிறு கட்டணம் கட்டி எடுக்கலாம். உரிமையாளர் பெயர், எந்தத் தேதியில் பதிவானது, யார் அடமானம் வைத்திருக்கிறார்கள் எல்லாம் அதில் இருக்கும். 2000 ஏப்ரலுக்குப் பிறகு வாங்கியதென்றால் பெரும்பாலும் விலையும் இருக்கும். கம்பெனிகளைப் பதிவு செய்யும் அரசு அலுவலகமான கம்பெனீஸ் ஹவுஸின் இணையதளத்தில் கம்பெனி தொடங்கிய நாள், டைரக்டர்கள், ஆண்டுக் கணக்கு, 2016 முதல் கம்பெனியை உண்மையில் கட்டுப்படுத்துபவர் யார் என்ற பதிவு எல்லாம் இலவசம். மறைப்பதாக நினைக்கும் கணவர்களில் பலர் இவற்றைப் பொதுவெளியில் தாங்களே பதிவு செய்திருப்பார்கள்.

இப்போது அந்த இடைவெளிக்கு வருகிறேன். சொந்தத் தொழில் செய்பவரின் உண்மை வருமானத்தைக் கண்டுபிடிக்க எனக்குத் தெரிந்த நேர்மையான வழி இதுதான். ஒரு தாளை எடுத்து நடுவில் கோடு போடுங்கள். இடது பக்கம், கடந்த 12 மாதங்களில் குடும்பத்துக்கு ஆன செலவு: வீட்டுக் கடன், மின்சாரம், பிள்ளைகளின் கட்டணங்கள், கார், பயணம், காப்பீடு, கடைச் செலவு. வலது பக்கம், அவர் வரித்துறைக்குக் காட்டிய சம்பளமும் பங்காதாயமும் (டிவிடெண்ட்). பல வீடுகளில் இடது பக்கம் பெருத்து நிற்கும். அந்த வித்தியாசம் எங்கிருந்து வந்தது? காரும் போனும் கம்பெனிச் செலவில் போயிருக்கலாம். டைரக்டர் கடன் கணக்கிலிருந்து எடுத்திருக்கலாம். ரொக்கமாக வந்தது கணக்கில் ஏறாமலே இருந்திருக்கலாம். டைரக்டர் கடன் கணக்கை மட்டும் தனியாகக் கேட்டு வாங்கச் சொல்வேன். கம்பெனிக்கும் அவருக்கும் இடையில் ஓடிய ஒவ்வொரு தொகையும் அதில் நிற்கும். கம்பெனி அவருக்குக் கடன்பட்டிருக்கிறது என்றால் அதுவே ஒரு சொத்து. மோய்லன் பார்த்ததும் இந்த இரண்டு பக்கக் கணக்கைத்தான், அளவு மட்டும் பெரியது.

கம்பெனி எதுவும் இல்லாமல் தன் பெயரிலேயே தொழில் செய்பவர் என்றால் சட்டம் எளிது. தொழிலின் சொத்து அவர் சொத்து. அங்கே சண்டை முழுவதும் எவ்வளவு வருகிறது, தொழில் எவ்வளவு பெறும் என்பதில் மட்டும்.

நீதிமன்றத்துக்குப் போனால் இருவரும் ஃபார்ம் ஈ என்ற படிவத்தை நிரப்ப வேண்டும். ஒவ்வொரு வங்கிக் கணக்குக்கும் 12 மாத விவரம், தொழிலுக்கு இரண்டு ஆண்டுக் கணக்கு. கீழே உண்மைதான் என்று கையெழுத்து. பொய் எழுதினால் அது பின்னால் வந்து பிடிக்கும். எப்படி என்பதற்கு 2015 அக்டோபர் 14 அன்று வந்த ஷார்லண்ட் தீர்ப்பைப் பாருங்கள். கணவர் மென்பொருள் நிறுவனம் நடத்தியவர். பங்குச் சந்தையில் இறங்கும் திட்டம் எதுவும் இல்லை என்று சொல்லியே சமரசம் முடிந்தது. மனைவிக்கு 1 கோடி பவுண்டுக்கு மேலும், பங்குகள் விற்கும்போது 30 சதவீதமும் என்று பேச்சு. உத்தரவு முத்திரையாவதற்குள் செய்தித்தாளில் வந்துவிட்டது, கம்பெனி சந்தைக்கு வரப்போகிறது, மதிப்பு 75 கோடி முதல் 100 கோடி டாலர் வரை என்று. நிபுணர்கள் போட்டிருந்த மதிப்பு அதற்குப் பக்கத்தில்கூட இல்லை. ஏமாற்றிப் பெற்ற ஒப்புதல் ஒப்புதலே ஆகாது என்று உச்ச நீதிமன்றம் சமரசத்தைத் தள்ளி, மனைவி மீண்டும் விசாரணைக்குப் போக வழி விட்டது.

ஆகவே அவசரமாகக் கையெழுத்துப் போட வேண்டாம். விவாகரத்து நெருங்கும் மாதங்களில் சொந்தத் தொழில்காரரின் வியாபாரம் திடீரென்று படுத்துக்கொள்வதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். பில் போடுவது தள்ளிப்போகும், புதிய ஒப்பந்தம் தீர்ப்புக்குப் பிறகு என்று காத்திருக்கும், தம்பிக்குச் சம்பளம் ஓடத் தொடங்கும். ஒரு ஆண்டுக் கணக்கைத் தனியாகப் பார்த்தால் இது தெரியாது. ஐந்து ஆண்டுக் கணக்கை வரிசையாக வைத்தால் பளிச்சென்று தெரியும்.

அதே மூச்சில் இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். எல்லாச் சரிவும் நாடகம் இல்லை. மனம் உடைந்த மனிதரின் தொழில் உண்மையாகவே தேய்கிறது. கம்பெனியில் இருக்கும் பணமெல்லாம் எடுத்துக்கொள்ளக்கூடிய பணமும் இல்லை. வரி கட்ட வேண்டும், சரக்குக்குக் கொடுக்க வேண்டும், ஆட்களுக்குச் சம்பளம் தர வேண்டும். பிள்ளைகளின் அடுத்த பத்தாண்டுச் செலவும் அந்தத் தொழிலிலிருந்துதான் வரப்போகிறது. இருவரும் ஏற்றுக்கொள்ளும் ஒரே மதிப்பீட்டாளரை வைத்து மதிப்புப் போடுவது செலவையும் பகையையும் குறைக்கும். அந்த மதிப்பும் உறுதியான எண் இல்லை. வீடு கையில் இருக்கும், கம்பெனிப் பங்கு ஏறும் இறங்கும். அவரிடம் வீடும் சேமிப்பும் போய், உங்களிடம் விற்க முடியாத பங்கு மட்டும் தங்கும்படியான ஏற்பாட்டை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன்.

செய்யக் கூடாதது

கணவரின் கணினியைத் திறந்து எல்லாவற்றையும் நகலெடுத்துவிட்டேன் என்று சந்தோஷமாக வந்து நிற்பவர்கள் உண்டு. அவர்களைப் பார்க்கும்போது எனக்கு வயிற்றைப் பிசையும். 2010 ஜூலையில் மேல்முறையீட்டு நீதிமன்றம் இமர்மன் வழக்கில் இதைத் தெளிவாக்கியது. கணவரும் மனைவியின் சகோதரரும் ஒரே அலுவலகத்தில், ஒரே சர்வரில் வேலை செய்தவர்கள். கணவர் சொத்தை மறைத்துவிடுவாரோ என்ற பயத்தில் சகோதரர் பக்கம் கணவரின் கோப்புகளை நகலெடுத்தது. திருப்பிக் கொடுக்க வேண்டியதாயிற்று. கணவன் மனைவி என்றாலும் ஒருவருடைய அந்தரங்க ஆவணம் அவருடையதே; சந்தேகம் இருந்தால் நீதிமன்றத்திடம் உத்தரவு கேட்க வேண்டும். கூட்டுக் கணக்கின் விவரம், உங்கள் பெயருக்கு வந்த கடிதம், நீங்கள் கையெழுத்துப் போட்ட படிவம் இவையெல்லாம் உங்களுடையவை. பூட்டிய மேசை, கடவுச்சொல் போட்ட போன், அவர் பெயருக்கு வந்த உறை ஆகியவற்றைத் தொடாதீர்கள்.

சொத்து கைமாறிக்கொண்டிருக்கிறது என்று தெரிந்தால் தாமதிக்கக் கூடாது. அதே 1973ஆம் ஆண்டுச் சட்டத்தின் 37ஆம் பிரிவின் கீழ் கைமாற்றத்தைத் தடுக்கவும், நடந்ததை ரத்து செய்யவும் கேட்கலாம். உங்கள் கோரிக்கையைக் கெடுக்கும் கைமாற்றம் இந்த விண்ணப்பத்துக்கு முந்தைய மூன்று ஆண்டுகளுக்குள் நடந்திருந்தால், கெடுக்கும் எண்ணத்தோடுதான் செய்தார் என்று நீதிமன்றம் அனுமானிக்கும். இல்லை என்று காட்ட வேண்டியது அவர் பொறுப்பு. பிரெஸ்ட் வழக்கு போல வெகு காலம் முன்பே மாற்றியவற்றுக்கு அந்த அனுமானம் கைகொடுக்காது.

உங்கள் சொந்தக் கையெழுத்து எங்கெல்லாம் இருக்கிறது என்பதையும் தேடுங்கள். சொத்தைத் தேடும் வேகத்தில் பலர் கடனைத் தேட மறந்துவிடுகிறார்கள். அவருடைய தொழில் கடனுக்கு நீங்கள் ஜாமீன் போட்டிருக்கிறீர்களா? வீட்டை அடமானம் வைக்கும் படிவத்தில் ‘இங்கே போடு’ என்று காட்டிய இடத்தில் போட்டீர்களா? 2001இல், அப்போது பிரிட்டனின் இறுதி மேல்முறையீட்டு நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபை எட்ரிட்ஜ் வழக்கில் சொன்னது, மனைவி கணவரின் தொழில் கடனுக்கு ஜாமீன் நிற்கும்போது, கணவர் பக்கத்தில் இல்லாமல் ஒரு சொலிசிட்டர் அவருக்கு நேரில் விளக்கியிருப்பதை வங்கி உறுதி செய்துகொள்ள வேண்டும் என்று. அப்படி நடக்கவில்லை என்றால் சொலிசிட்டரிடம் அதைச் சொல்லுங்கள். விவாகரத்து ஜாமீனை ரத்து செய்யாது, வங்கி எழுத்தில் விடுவிக்க வேண்டும். கூட்டுக் கணக்கில் ஓவர்டிராஃப்ட் இருந்தால் முழுத் தொகைக்கும் இருவருமே பொறுப்பு. பெயருக்கு டைரக்டராக உங்களைப் போட்டிருந்தால், விலகும் தேதியை அக்கவுண்டண்ட்டிடம் பேசி முடிவு செய்யுங்கள். அந்தப் பதவிக்குச் சட்டப் பொறுப்பு உண்டு.

பிள்ளைகளுக்கான பராமரிப்புத் தொகை தனி வழி. அதைக் கணக்கிடும் அரசு அமைப்பு வரித்துறையிடம் உள்ள வருமானத்தை வைத்துத்தான் தொடங்கும். டைரக்டர் தனக்குச் சின்னச் சம்பளம் போட்டுக்கொண்டு மீதியைப் பங்காதாயமாக எடுத்தால் அந்த எண் ஏமாற்றும். ஆண்டுக்கு 2,500 பவுண்டு அல்லது அதற்கு மேல் பங்காதாயம் போன்ற உழைப்பல்லாத வருமானம் இருந்தாலோ, வருமானத்தை வேறு பக்கம் திருப்பிவிட்டிருந்தாலோ, மாற்றிக் கணக்கிடக் கேட்கலாம். அந்த அமைப்பு தானாகச் செய்யும் என்று காத்திருப்பவர்கள் ஆண்டுக்கணக்கில் நஷ்டப்படுகிறார்கள்.

தீர்ப்புக்குப் பிறகு

பிரெஸ்ட் வழக்கில் மனைவியின் அலைச்சல் 2013இல் முடிந்துவிடவில்லை. கட்ட வேண்டிய தொகையைக் கணவர் கட்டாததால் மனைவி மறுபடியும் மோய்லனிடம் போக வேண்டியிருந்தது. நான்கு வாரச் சிறை, பாக்கியைக் கட்டினால் போக வேண்டாம் என்று 2014இல் உத்தரவு. அதை எதிர்த்த மேல்முறையீட்டையும் 2015இல் நீதிமன்றம் தள்ளியது. மனு போட்டதிலிருந்து ஏழு ஆண்டுகள். பணமாகத் தரச் சொன்னதைத் துரத்திக்கொண்டே இருக்க வேண்டியிருந்தது. சொத்தாக மாற்றச் சொன்ன வீடுகளுக்கோ அவருடைய மனம் இரங்கத் தேவையிருக்கவில்லை. கட்ட மாட்டார் என்று தோன்றும் மனிதரிடம் மாதத் தொகையை நம்புவதைவிட, குறைவாக இருந்தாலும் ஒரே தடவையில் கைக்கு வருவதை வாங்கிக்கொள்ளுங்கள் என்று நான் சொல்வதற்கு இந்த ஏழு ஆண்டுகள்தான் காரணம்.

தொடக்கத்தில் சொன்ன பெண்ணிடம் இரண்டு வேலைகள் கொடுத்து அனுப்பினேன். லேண்ட் ரெஜிஸ்ட்ரி நகல் எடுப்பது ஒன்று. வீடு வாங்கிய ஆண்டின் கூட்டுக் கணக்கு விவரத்தை வங்கியில் கேட்பது இன்னொன்று. பழைய விவரம் என்பதால் வங்கி சில வாரங்கள் எடுத்துக்கொண்டது. ஒரு மாலை வந்து இரண்டு தாள்களையும் என் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். வீடு கம்பெனி பெயரில் பதிவான தேதி ஒன்றில். மற்றொன்றில், அதற்குப் பதினோரு நாள் முன்னால் ஒரு வரியை மஞ்சள் பேனாவால் கோடிட்டிருந்தார்.

“அண்ணா, இதைப் பாருங்க. முன்பணம் எங்க ஜாயின்ட் அக்கவுண்ட்லேர்ந்துதான் போயிருக்கு. இதுல என் சம்பளமும் இருக்கு.”

நகலெடுத்து, தேதி போட்டு, அன்று இரவே அவருடைய சொலிசிட்டருக்கு அனுப்பினோம்.